கிராமத்துப் பெண்களிடம் கருத்துக் கேட்க கூகுள் ஃபார்ம் போதுமா? நேரில்தான் போகணுமா?

பொதிகைச்சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ (சமூகப் பணி முதுகலை) இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட் தலைப்பு: தமிழ்நாட்டுல பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ் பத்தி கிராமத்துப் பெண்கள் என்ன நினைக்கிறாங்க. இடம் தென்காசி மாவட்டம், பாவூர்சத்திரம் – ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்கள்.

"பிரைமரி டேட்டா (நாமே நேரடியாத் திரட்டுற தகவல்) கட்டாயம் வேணும், சாம்பிள் 384 பேர் போடு"ன்னு கைடு சொல்லிட்டாங்க. ஏன் 384னு கேட்டா "எல்லாரும் அதானே போடுறாங்க"ன்னு பதில். இப்போதைக்கு என் திட்டம், 25 கேள்வியில ஒரு கூகுள் ஃபார்ம் பண்ணி, தெரிஞ்ச வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் விடுறது. கூடவே பத்துப் பேர்கிட்ட நேர்காணல்.

இது போதுமா? குழுவா உக்கார வெச்சுப் பேசுறது நல்லதா, தனித்தனியாக் கேக்குறது நல்லதா? மாதிரிக்கு மூணு கேள்வி கீழே:

அ) இலவசப் பேருந்துத் திட்டத்தால் உங்கள் வாழ்க்கைத் தரம் உயர்ந்துள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? (மிகவும் ஒப்புக்கொள்கிறேன் தொடங்கி சிறிதும் ஒப்புக்கொள்ளவில்லை வரை 5 விடைகள்)
ஆ) பேருந்து குறித்த நேரத்தில் வந்து, நடத்துநரும் மரியாதையாக நடந்துகொள்கிறாரா?
இ) மிச்சமாகும் பணத்தை எதற்குச் செலவிடுகிறீர்கள்?

கொங்கு_குசும்பன்

எதுக்குங்க இத்தனை மெனக்கெடல்? ஓசில பஸ் உட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. இதக் கேக்க ஒரு டிகிரி வேறயா?

பீடிக்காரி_மகள்

குசும்பன் அண்ணே, நீங்க ஒருநாள் எங்க ஊர் ஸ்டாப்புல காலைல நின்னு பாருங்க. நல்லாருக்குன்னு சொல்றவங்களும் உண்டு, கைய நீட்டி நீட்டி அலுத்துப்போய் மினி பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போறவங்களும் உண்டு. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயே இருப்பாங்க.

பொதிகைச்சாரல், ஒண்ணு சொல்லவா. எங்கம்மா பீடி சுத்துறவ. கட்டிக்கொண்டு போய்க் கடையில போட வாரத்துல பல நாள் பஸ் ஏறுறா. அவகிட்ட இருக்குறது பட்டன் போன். வீட்டுல ஒரு டச் போன் இருக்கு, அது தம்பி கையில. உன் ஃபார்ம் எங்க தெரு குரூப்புக்கு வந்தா தம்பிதான் அம்மா பேர்ல தட்டிவிடுவான். அப்ப நீ எழுதப்போறது யாரோட கருத்து?

களப்பணி_ஓய்வு

பொதிகைச்சாரல் அம்மா, நான் தேசிய மாதிரி ஆய்வுக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவன். புள்ளியியல் அறிஞர் மகலனோபிசின் முயற்சியில் 1950இல் தொடங்கிய வேலை அது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் அறிய விரும்புவதில் எவ்வளவு ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறது என்று பாருங்கள். கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துநர் பெண்களுக்குச் சீட்டு கொடுக்கிறார். அதனால் எத்தனை பயணம் நடந்தது என்ற கணக்கு போக்குவரத்துக் கழகத்திடம் இருக்கிறது. அதைத் திரட்ட நீங்கள் வெயிலில் அலைய வேண்டாம். சீட்டுக் கணக்குக்குத் தெரியாதவை வேறு. நாலு பேர் ஒருமுறை ஏறினார்களா, ஒரே அம்மா நாலு முறை ஏறினாரா? முன்பு நடந்து போனவர் இப்போது பஸ்ஸில் போகிறாரா? பஸ் நிற்காமல் போனதால் கூலி வெட்டு விழுந்ததா? பஸ்ஸே வராத ஊர்க்காரர் என்ன செய்கிறார்? இவற்றுக்குத்தான் ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது யாரைக் கேட்பது. வாட்ஸ்அப் குழுவில் விட்டால் உங்களைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். நீங்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் ஒரு பட்டியல் தேவை. வாக்காளர் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது, வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் அதில் உண்டு. ஒரு ஊரில் 600 பெண்கள் இருந்து உங்களுக்கு 60 பேர் வேண்டுமானால், 1 முதல் 10க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போய்க்கொண்டே இருங்கள். அதிலும் ஓட்டை உண்டு. 18 நிறையாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். புதிதாக மணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த ஊரிலேயே இருக்கும். அதை ஆய்வறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏழாவது வீடு பூட்டியிருந்தால் எட்டாவது வீட்டுக்குப் போகாதீர்கள். பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்? அன்று பஸ் ஏறி வேலைக்குப் போகாதவர். பூட்டிய வீட்டுக்காரிதான் உங்கள் ஆய்வுக்கே உரியவர். பூட்டிய வீட்டை எல்லாம் பக்கத்து வீட்டால் நிரப்பினால், பஸ் பற்றிய ஆய்வில் பஸ் ஏறாதவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடியும் போங்கள். அப்போதும் இல்லையென்றால் இன்னொரு நாள் காலை ஆறரைக்கு.

பொதிகைச்சாரல்

சார், ரொம்ப நன்றி. பூட்டின வீடு விஷயம் எனக்குத் தோணவே இல்ல. ஆனா ஒரு சந்தேகம். வீடு வீடாப் போறதுக்குப் பதிலா பஸ் ஸ்டாண்டுலயோ பஸ்ஸுக்குள்ளயோ கேட்டா வேலை சுலபம் இல்லையா? பஸ்ல போறவங்க எல்லாரும் அங்கதானே இருப்பாங்க?

எண்விளையாட்டு

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். பஸ்ஸுக்குள் கேட்பதில் ஒரு பொறி இருக்கிறது. கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு ஊரில் 100 பெண்கள் வாரத்துக்கு 6 நாள் பஸ் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். இன்னொரு 100 பேர் வாரம் ஒருநாள், சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ. ஏதாவது ஒருநாள் நீங்கள் பஸ்ஸில் நின்றால் முதல் கூட்டத்தில் சராசரியாக 86 பேரைப் பார்ப்பீர்கள், இரண்டாவது கூட்டத்தில் 14 பேரை. "86 சதவீதப் பெண்கள் கிட்டத்தட்ட தினமும் பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதிவிடுவீர்கள். உண்மை சரிபாதி. அடிக்கடி ஏறுகிறவர் உங்கள் கண்ணில் அடிக்கடி படுகிறார், அவ்வளவுதான்.

சரிசெய்ய வழி உண்டு. "போன வாரம் எத்தனை நாள் ஏறினீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு, 6 நாள் என்றவரின் பதிலுக்கு ஆறில் ஒரு பங்கு எடை, 1 நாள் என்றவருக்கு முழு எடை கொடுக்கலாம். ஆனால் ஏறவே ஏறாதவரை எந்த எடையாலும் கொண்டுவர முடியாது.

384 பற்றி: அது 95 சதவீத நம்பகம் (நூறு முறை மாதிரி எடுத்தால் சுமார் 95 முறை சரியாக வரும்), 5 சதவீதம் முன்னே பின்னே என்று நீங்கள் ஏற்றுக்கொண்டால் வரும் எண். 1.96ஐ இருமடியாக்கி, 0.25ஆல் பெருக்கி, 0.05இன் இருமடியால் வகுங்கள், 384.16 வரும். ஊரில் பத்தாயிரம் பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான். ஆனால் இது முழுக்கக் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரிக்கு மட்டும் பொருந்தும். நாலைந்து கிராமத்தை மட்டும் எடுத்து அதற்குள் கேட்டால், ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் பதில்கள் ஒன்றுபோலவே வரும், பிழை கூடும். வாட்ஸ்அப்பில் வந்த 384க்கோ இந்தக் கணக்கே கிடையாது.

அளவு மட்டும் காப்பாற்றாது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பத்திரிகை முகவரி எடுத்தது பெரும்பாலும் டெலிபோன் டைரக்டரியிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும். போதாததற்கு, அட்டையைத் திருப்பி அனுப்ப முனைந்தவர்களும் ஒரு மாதிரியான ஆட்கள். அதைவிடச் சிறிய மாதிரி எடுத்த கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார்.

கொங்கு_குசும்பன்

//பூட்டிய வீட்டுக்கு மறுபடியும் போங்கள்//

அய்யா, நடக்குற கதையப் பேசுங்க. பாதிப் பசங்க டீக்கடைல உக்காந்து தாங்களே டிக் அடிச்சுக் குடுத்துர்றாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் பேனா மாத்தி மாத்தி எழுதி வெச்சே பட்டம் வாங்கிட்டான்.

மவுண்ட்ரோடு_மாலா

குசும்பன் சொல்றது நடக்குது, இல்லைனு சொல்லல. நான் மார்க்கெட் ரிசர்ச்ல ஃபீல்ட் சூப்பர்வைசர். அதனாலதான் எங்க தொழில்ல பேக் செக்னு ஒண்ணு வெச்சிருக்கோம். கேட்டு வந்த வீடுகள்ல ஒரு பங்குக்கு வேற ஆள் போயோ போன் போட்டோ "நேத்து யாராவது வந்து கேட்டாங்களா, எவ்ளோ நேரம் பேசினாங்க"ன்னு ரெண்டு மூணு கேள்வி திரும்பக் கேப்பாங்க. டேப்லெட்ல கேட்டா ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம் பதிவாகும். இருபது நிமிஷக் கேள்வித்தாள் நாலு நிமிஷத்துல முடிஞ்சிருந்தா அது டீக்கடைதான். தவிர, உக்காந்து எழுதுறவன் கிட்ட "தெரியல", "ஞாபகம் இல்ல" வரவே வராது. நிஜ மனுஷங்க நிறையத் தடவை தெரியலன்னுதான் சொல்லுவாங்க.

இப்ப தங்கச்சியோட மூணு கேள்விக்கு வர்றேன்.

அ) வேண்டாம்மா. "வாழ்க்கைத் தரம் உயர்ந்துள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா"ன்னு ஒரு படிச்ச பொண்ணு வீட்டுக்கு வந்து கேட்டா, எந்த அம்மாவும் "ஆமாம்மா"ன்னுதான் சொல்லும். உன் மனசு கோணக்கூடாதுன்னு. அந்த அஞ்சு படி விடை 1932ல லிக்கர்ட்னு ஒரு உளவியலாளர் கொண்டுவந்தது, தாளைக் கையில வாங்கிப் படிச்சு டிக் அடிக்கிறவங்களுக்கு ஓடும். வாயால கேக்கும்போது "மிகவும் ஒப்புக்கொள்கிறேன்"னு நம்ம ஊர்ல யார் பேசுறா? அபிப்பிராயத்தை விட்டுட்டு நடந்ததைக் கேளு. "கடைசியா எப்ப பஸ் ஏறினீங்க? எங்க போனீங்க? எவ்ளோ நேரம் நின்னீங்க? கை காட்டியும் நிக்காம ஏதாவது பஸ் போச்சா?" ஒரு பயணத்தை முழுசா வாங்கினாப் போதும், கருத்து அதுக்குள்ளயே வந்துடும்.

ஆ) இது ஒரு கேள்வி இல்ல, ரெண்டு. பஸ் நேரத்துக்கு வருது, கண்டக்டர் சிடுசிடுங்கிறார். அந்தம்மா ஆமான்னு சொல்லணுமா இல்லன்னு சொல்லணுமா?

இ) இதைப் புருஷன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது கேட்டா "வீட்டுச் செலவுக்குத்தான்"ங்கிற பதில் தவிர வேற வராது. ஏலச்சீட்டுக்குக் கட்டுறதோ, அம்மா வீட்டுக்குக் குடுக்கிறதோ வெளியவே வராது. நாங்க ரெண்டு பேரா போவோம். வீட்டுக்காரர் வந்து உக்காந்தா இன்னொருத்தர் "சார், உங்ககிட்டயும் கொஞ்சம் கேக்கணும்"னு அவரை வாசலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். அவருக்குன்னு தனியா நாலு கேள்வி தயாரா இருக்கணும், இல்லாட்டி ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்துடுவார்.

பீடிக்காரி_மகள்

//புருஷன் பக்கத்துல//

மாமியார விட்டுட்டீங்களே அக்கா.

வைகை_ஆய்வாளர்

எண்ணிக்கைப் பேச்சே அதிகமாக இருக்கிறது. நான் பண்பு சார்ந்த ஆய்வு (எண்ணாமல், பேசிப் புரிந்துகொள்ளும் ஆய்வு) செய்கிறவள், மாற்றுக் கருத்து சொல்லலாமா?

இந்தத் தலைப்புக்கு முதலில் சர்வே எடுப்பதே தப்பு என்பேன். பொதிகைச்சாரல் எழுதிய 25 கேள்வியும் அவர் அறையில் உட்கார்ந்து யோசித்தவை. அந்தப் பெண்களுக்கு எது பிரச்சினை என்று இன்னும் தெரியாது. ஆறிலிருந்து எட்டுப் பேரை உட்கார வைத்துப் பேசவிடுங்கள். பீடி சுற்றும் திண்ணையைவிட நல்ல இடம் கிடையாது. கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். கோலப்பொடியைக் கொடுத்து ஊர், ஸ்டாப், கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தரையில் வரையச் சொல்லுங்கள். எந்தப் பாதையில் பயம், எங்கே பஸ் நிற்பதில்லை என்று புளியங்கொட்டையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உலகம் முழுக்கப் பரப்பிய பங்கேற்பு முறை இதுதான். 1980களின் கடைசியில் கர்நாடகத்தில் மைராடா போன்ற தொண்டு அமைப்புகள் கிராமங்களில் இதைச் செய்துகாட்டின. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிதான் அந்த வரைபடத்தில் முதலில் கை வைப்பார்.

குழுவாகப் பேசும்போது சில எச்சரிக்கைகள். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் வேண்டாம். காலேஜ் பிள்ளைகளைத் தனியாக வையுங்கள். எந்த இடத்தில் கூட்டுகிறீர்கள் என்பது மிக முக்கியம். ஊர்க் கோயில் மண்டபத்தில் கூட்டினால் காலனிப் (தலித் குடியிருப்புப்) பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். அவர்களிடம் அவர்கள் தெருவுக்கே போய்த் தனியாகப் பேசுங்கள். பஸ் ஸ்டாப் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே அங்கே ஒரு கதையாக வரலாம்.

மகளிர் குழுத் தலைவியிடம் சொன்னால் பத்து நிமிஷத்தில் இருபது பேரைக் கூட்டித் தருவார். சுலபம்தான். ஆனால் அவர் கூப்பிடுகிறவர்கள் அவருக்கு வேண்டியவர்கள், அவர் முன்னால் அவர் பேச்சையே பேசுவார்கள்.

களப்பணி_ஓய்வு

வைகை அம்மா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். குழுப் பேச்சு கேள்வியைக் கண்டுபிடிக்க உதவும். பதிலை எண்ண உதவாது. எட்டுப் பேரில் ஆறு பேர் தலையாட்டினார்கள் என்பதற்காக "75 சதவீதம் பேர்" என்று எழுதும் ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு பேரில் நாலு பேர், முதலில் பேசிய அம்மாவுக்காகத் தலையாட்டியிருப்பார்கள்.

வைகை_ஆய்வாளர்

சதவீதம் போடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன் சார்? ஒரே ஒரு பெண் சொன்ன ஒரு சம்பவம் கூடப் போதும், அப்படி ஒன்று நடக்கிறது என்று காட்ட. எத்தனை பேருக்கு என்பது வேறு கேள்வி.

களப்பணி_ஓய்வு

எத்தனை பேருக்கு என்று தெரியாமல் எந்த அதிகாரியும் ஒரு பஸ்ஸைக் கூடுதலாக விடமாட்டாரம்மா. உங்கள் முறையில் தொடங்கட்டும், என் முறையில் முடிக்கட்டும். சண்டை வேண்டாம்.

ஸ்டாப்பில்_நிற்பவன்

யாரையும் கேக்காமலும் ஒரு தகவல் எடுக்கலாம். ஸ்டாப்புல ஒரு நோட்டோட நின்னு, வர்ற ஒவ்வொரு ஒயிட் போர்டு (பொம்பளைங்களுக்குக் காசில்லாத) பஸ்ஸுக்கும் குறிச்சுக்கங்க: எத்தனை மணிக்கு வந்துச்சு, நின்னுச்சா, ஸ்டாப்புல நின்னுச்சா தள்ளி நின்னுச்சா, அப்ப ஆம்பளைங்க யாராவது நின்னாங்களா. "பொம்பளைங்க மட்டும் நின்னா பஸ் நிக்காது"ன்னு எல்லா ஊர்லயும் சொல்றாங்க. நெசமா இல்லையான்னு பார்க்க பேட்டியவிட இதான் தோது. நோட்டைக் கொஞ்சம் மறைச்சு வைங்க. ரெண்டாம் நாளே டிரைவர் கண்டுபிடிச்சிட்டார்னா எல்லா பஸ்ஸும் அழகா நிக்கும்.

பொதிகைச்சாரல்

எல்லாரும் சொன்னதைப் படிச்சிட்டு மாத்தி எழுதியிருக்கேன்:

முதல்ல மூணு ஊர்ல குழுப் பேச்சு: பீடித் திண்ணை, காலனி, காலேஜ் போற பிள்ளைங்க. அதுல வர்றதை வெச்சுக் கேள்வித்தாள். பிறகு வாக்காளர் பட்டியல்ல இருந்து குலுக்கி எடுத்து வீட்டுக்குப் போய்க் கேக்குறது, காலையிலயும் சாயங்காலமும். 384 முடியாது, ஆள் பத்தாது. 150 பேருக்கு ஒழுங்காச் செஞ்சா போதும்னு கைடுகிட்ட பேசப்போறேன். ரெண்டு ஸ்டாப்புல நோட்டு.

ஒரு விஷயம் மட்டும் இடிக்குது. கண்டக்டர் மரியாதைக் குறைவாப் பேசினதை நேருக்கு நேர் சொல்லத் தயங்குவாங்களே? நேத்து சும்மா பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எழுதிராத, பஸ்ஸை நிறுத்திருவாங்க"ன்னு சொல்றாங்க.

எண்விளையாட்டு

150 என்றால் பிழை 8 சதவீதம் முன்னே பின்னே, கிராமங்களாகத் திரட்டுவதால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதை எழுதி வைத்தால் எந்த வாய்மொழித் தேர்விலும் (வைவா) நிற்கலாம்.

தயக்கத்துக்கு: லோக்நீதி – சி.எஸ்.டி.எஸ். என்ற டெல்லி ஆய்வு அமைப்பின் தேர்தல் ஆய்வுகளில், யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுக் கேட்காமல், மாதிரி ஓட்டுச்சீட்டைக் கொடுத்துக் குறித்து மடித்துப் பெட்டியில் போடச் சொல்வார்கள். உங்களுக்கும் அது ஆகும். இரண்டு படம் போட்ட சீட்டு, ஒன்றில் சிரித்த முகம், ஒன்றில் சுளித்த முகம். நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். சீட்டில் பெயரோ எண்ணோ வேண்டாம், ஊர் மட்டும்.

மவுண்ட்ரோடு_மாலா

"பஸ்ஸை நிறுத்திருவாங்க"ன்னு ஒரு அம்மா சொன்னாங்கன்னா நீ யாருன்னு அவங்களுக்குப் புரியலன்னு அர்த்தம். நோட்டும் பேனாவுமாப் போனா கவர்மெண்ட் ஆளுன்னுதான் நினைப்பாங்க. இல்லாட்டி கவர்மெண்ட் தர்ற மகளிர் உரிமைத்தொகைக்குப் பேர் எழுத வந்திருக்கேன்னு ஆதார் கார்டோட ஓடி வருவாங்க. முதல் வாக்கியமே "நான் காலேஜ்ல படிக்கிறேன், இது என் படிப்புக்காக, இதனால உங்களுக்கு எதுவும் கிடைக்காது, எதுவும் போகாது"ன்னு இருக்கணும். காலேஜ் ஐடி கழுத்துல தொங்கட்டும். ஆதார், பேங்க் எதையும் தொடாத. ரெக்கார்ட் பண்றதா இருந்தா கேட்டுட்டுப் பண்ணு. வேண்டாம்னா போனை உள்ள வெச்சிடு.

கொங்கு_குசும்பன்

சரிங்க, நானும் ஒண்ணு கேட்டுக்கறேன். இந்தப் பொண்ணு அத்தனை வீடும் தனியா நடந்து, அதுவும் பொழுது சாஞ்ச பொறவு, எப்படிங்க? டேப்லெட்டு வாங்கக் காசு வேணுமல்லோ?

மவுண்ட்ரோடு_மாலா

இதான் குசும்பன் கேட்ட முதல் நல்ல கேள்வி :)

டேப்லெட் வேண்டாம், சாதா ஆண்ட்ராய்டு போன் போதும். கோபோ டூல்பாக்ஸ்னு சர்வே எடுக்குற மென்பொருள் ஒண்ணு இருக்கு, மாணவங்களுக்குத் தாராளமாப் போதுற அளவுக்கு இலவசம். தமிழ்லயே கேள்வி போடலாம், நெட் இல்லாத ஊர்லயும் ஓடும், சிக்னல் வந்ததும் ஏத்திக்கும். சாயங்காலத்துக்கு கிளாஸ்மேட் ஒருத்தியைச் சேர்த்துக்கோ. ஏழரைக்கு மேல எந்த வீடும் வேண்டாம். கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு முதல்ல விசாரிச்சு வெச்சுக்கோ, நீயும் அதுலதான் திரும்பணும்.

பீடிக்காரி_மகள்

எங்க ஊருக்கு வந்தா அம்மாகிட்ட சொல்லி வைக்கிறேன். அவ பேர் உன் குலுக்கல்ல வரலைன்னா கேக்காத, சும்மா டீ மட்டும் குடிச்சுட்டுப் போ.

பொதிகைச்சாரல்

சரிக்கா. குழுப் பேச்சுக்கு மட்டும் உங்கம்மாவைக் கூப்பிடலாமா? அதுக்குக் குலுக்கல் கிடையாதே.

களப்பணி_ஓய்வு

கூப்பிடலாம் அம்மா. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்த யாருடைய பெயராவது பிறகு குலுக்கலில் வந்தால், கேள்வித்தாளில் அதைக் குறித்து வையுங்கள். ஏற்கெனவே ஒருமுறை எல்லோரோடும் பேசித் தீர்த்தவரின் பதில் கொஞ்சம் மாறித்தான் இருக்கும்.